அத்தைக்கு ஒரு குட்டி ரிவால்வர்: .38ஆ, .32ஆ, .22ஆ?

சின்ன துப்பாக்கின்னா சின்னதா தான் உதைக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கடையில ஒரு லேடி போய் நின்னா போதும், இருக்கிறதுலயே லேசான ஸ்னப் நோஸ், அதாவது குட்டி பேரல் ரிவால்வரா பாத்து எடுத்து கண்ணாடி மேல வெச்சு 'பேக்ல போட்டா வெயிட்டே தெரியாது'ன்னு சொல்வாங்க. வெயிட் தெரியாது தான், ஆனா சுடும்போது அந்த இல்லாத வெயிட் பூரா உங்க உள்ளங்கையில வந்து தான் இறங்கும். இத தெரிஞ்சுக்காம வாங்கி ஒரே ஒரு தடவ சுட்டுட்டு அலமாரியில பூட்டி வெச்சவங்க எங்க டெக்சாஸ் தமிழ் வட்டத்துலயே இருக்காங்க, அதனால தான் இத கொஞ்சம் விவரமாவே எழுதறேன். தலைப்புல இருக்கிற .38, .32, .22 எல்லாம் தோட்டாவோட குறுக்களவு, இஞ்ச்ல சுமாரா.

யாருக்காக தேடினேன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க அத்தை, அதாவது இவரோட அம்மா, சான் அன்டோனியோவுக்கு வெளிய கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு அஞ்சு ஏக்கர் இடத்துல தனியா இருக்காங்க. எண்பதுகள்ல நர்ஸா வந்தவங்க, மாமா போனதுக்கு அப்புறம் எங்க கூட வந்து இருங்கன்னு எவ்வளவோ கேட்டுப் பாத்தாச்சு, 'என் கோழியெல்லாம் யாரு பாப்பா'ன்னு ஒரே பதில். அந்தப் பக்கம் ராத்திரி 911 அடிச்சா ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து சேரவே நேரமாகும். அவங்களே ஒரு நாள் போன்ல, 'எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தாம்மா, பெருசு வேணாம், என் கையால சுட முடியணும், அவ்வளவு தான்'னு சொன்னாங்க.

என் கையால சுட முடியணும், அதான் விஷயமே. நான் வேலை பாக்கிறது ஹேண்ட் தெரபியில, மணிக்கட்டு ஆபரேஷன் ஆனவங்க, கட்டைவிரல் அடி மூட்டு தேஞ்சவங்கன்னு நாள் முழுக்க கைய தான் பாக்கிறேன். அத்தைக்கும் அந்தக் கட்டைவிரல் அடி மூட்டு தேய்மானம் இருக்கு, அம்பது அறுபது தாண்டின பெண்களுக்கு ரொம்ப சாதாரணமா வர்றது தான். ஊறுகா பாட்டில் மூடி திறக்க முடியாது, சாவி திருப்பினா வலிக்கும். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலோட ஸ்லைட, அதாவது மேல இருக்கிற நகர்ற உலோகப் பாகத்த, பின்னால இழுக்கிறதுக்கு அதே கிள்ளுப்பிடி தான் வேணும், அதனால ரிவால்வர் பக்கம் போனோம். சிலிண்டர திறந்து தோட்டாவ போட்டு மூடினா முடிஞ்சது, இழுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

ஆனா ரிவால்வர்ல வேற ஒரு இழுவை இருக்கு, ட்ரிகர். சுத்தியல் உள்ளயே மறைஞ்சிருக்கிற குட்டி ரிவால்வர்கள்ல ஒவ்வொரு தடவையும் முழு ட்ரிகரையும் இழுத்தா தான் வெடிக்கும், அது சுமார் 10லேருந்து 12 பவுண்டு. லேசான மாடல்கள்ல துப்பாக்கியோட எடையே ஒரு பவுண்டுக்கும் கம்மி. துப்பாக்கிய விட பத்து மடங்குக்கு மேல கனமான ட்ரிகர ஒரே விரலால அசையாம இழுக்கணும்னா யோசிச்சுப் பாருங்க. வயசானவங்களுக்கும் பெண்களுக்கும் ரிவால்வர் தான் சுலபம்னு கண்ண மூடிக்கிட்டு சொல்றவங்க இத சொல்றதே இல்ல. ஆள்காட்டி விரல்ல பலம் இல்லாதவங்களுக்கு 2018ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விட்ட ஷீல்ட் 380 ஈஸி மாதிரி ஸ்லைடு லேசா வர்ற பிஸ்டல் தான் நல்லதுன்னு நானே சொல்லுவேன். அத்தைக்கு கட்டைவிரல் தான் பிரச்சனை, ஆள்காட்டி விரல் இன்னும் உறுதியா இருக்கு, அதனால ரிவால்வர் சரிப்பட்டது. முதல்ல கைய பாருங்க, துப்பாக்கிய அப்புறம் பாக்கலாம்.

இப்ப உதைக்கு வர்றேன். தோட்டா முன்னால போற வேகத்துக்கும் எடைக்கும் ஏத்த மாதிரி துப்பாக்கி பின்னால வரும், பள்ளிக்கூடத்துல படிச்ச நியூட்டன் தான். ஒல்லியான ஆளையும் கனமான ஆளையும் ஒரே மாதிரி தள்ளினா ஒல்லியானவரு தான் வேகமா பின்னால போவாரு, அதே கதை. அதே தோட்டாவ பாதி எடையுள்ள துப்பாக்கியில சுட்டா உதையோட சக்தி அப்படியே ரெண்டு மடங்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஜே ஃப்ரேம்ல, அவங்களோட குட்டி ரிவால்வர் வரிசை அது, முழு ஸ்டீல்ல வர்ற 640 மாதிரி மாடல் 22 அவுன்ஸ் கிட்ட, 620 கிராம்னு வெச்சுக்கோங்க. அலுமினியம் ஃப்ரேம் 642 அதுல மூணுல ரெண்டு பங்கு, 410 கிராம் சுமார். ஸ்காண்டியம் கலந்த 340 பிடி வெறும் 335 கிராம் கிட்ட தான் இருக்கும், ஆனா அதுல .38ய விட ரொம்ப பலமான .357 மேக்னமே போடலாம்!

நானே உக்காந்து தோராயமா கணக்கு போட்டுப் பாத்தேன். 410, 420 கிராம் துப்பாக்கியில .22 சுட்டா உதை ஒரு அடி-பவுண்டுக்கும் (உதையோட சக்திய அளக்கிற அலகு) கம்மி. .32லயே லேசான தோட்டாவான .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் ரெண்டு சொச்சம். அத விட பலமான .32 எச் அண்ட் ஆர் மேக்னம் மூணரை. சாதாரண .38 ஸ்பெஷல் அஞ்சு, அதையே அழுத்தம் கூட்டி செஞ்ச .38 பிளஸ் பி ஆறு ஏழு. 335 கிராம் துப்பாக்கியில .357 போட்டா இருபது பக்கம் போகுது. பவுடர் அளவுக்கும் தோட்டா கம்பெனிக்கும் ஏத்த மாதிரி முன்ன பின்ன ஆகும், ஆனா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் எவ்வளவுன்னு இதுலயே தெரிஞ்சிடும். அந்த ரொம்ப லேசான துப்பாக்கிகள்ல இன்னொரு தொல்லையும் இருக்கு, ஒண்ணு சுட்ட உடனே அந்த உதையில சிலிண்டர்ல மிச்சம் இருக்கிற தோட்டாக்களோட ஈயக்குண்டு தன் கூட்டுலேருந்து முன்னால நழுவி வந்துடும், வெளிய நீட்டிக்கிட்டா சிலிண்டர் சுத்தாது, துப்பாக்கி அப்படியே இறுகிப் போய் நிக்கும். உயிருக்கு ஆபத்தான நேரத்துல ரிவால்வர் இப்படி நிக்கக் கூடாது, அதனால அந்த வகைய நான் லிஸ்ட்லயே சேக்கல.

வாடகைக்கு துப்பாக்கி குடுக்கிற ரேஞ்சுக்கு தான் அத்தைய கூட்டிட்டுப் போனோம், வாங்கறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு எல்லாரும் இத பண்ணுங்க. அங்க இருந்த பையன் முதல்ல குடுத்தது 642, உள்ள .38 பிளஸ் பி. நல்ல துப்பாக்கி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, 1950ல வந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் வம்சம், எத்தனையோ போலீஸ்காரங்க கணுக்கால்ல கட்டிக்கிட்டுத் திரிஞ்சது. அத்தை ரெண்டு குண்டு சுட்டாங்க, மூணாவதுக்கு கைய தூக்கவே இல்ல, துப்பாக்கிய மேஜையில வெச்சுட்டு 'போதும்மா, இத நீயே வெச்சுக்கோ'ன்னு சொல்லிட்டு கைய ஒதறிக்கிட்டாங்க. நான் கைய வாங்கிப் பாத்தா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற தோல் செவந்து போயிருக்கு. அந்த மாடல்ல பிடியோட பின்பக்கம் ஃப்ரேம் உலோகம் வெளிய தெரியும், அது நேரா அங்க தான் வந்து இடிக்கும். பின்பக்கத்தையும் மூடற ரப்பர் பிடி மாத்திக்கலாம், மெத்துன்னு இருக்கும், ஆனா பிடி தடிமனானா ட்ரிகர் தூரமா போயிடும், அத்தை மாதிரி குட்டி விரல்காரங்களுக்கு விரல் நுனி மட்டும் தான் எட்டும், நுனியால 12 பவுண்டு இழுக்கும்போது துப்பாக்கி ஒரு பக்கமா திரும்பிடும். ஒண்ண சரி பண்ணப் போய் இன்னொண்ணு கெட்டுப் போகும்.

வலிய விட மோசமானது ஒண்ணு இருக்கு, பயம். உதைக்கப் போகுதுன்னு கைக்குத் தெரிஞ்சுட்டா வெடிக்கிறதுக்கு முன்னாடியே கை தானா கீழ அமுக்கும், கண்ணு மூடும். இத கண்டுபிடிக்க சுலபமான வழி, சிலிண்டர்ல நெஜ தோட்டாவுக்கு நடுவுல ரெண்டு டம்மி, ஸ்னாப் கேப்னு சொல்வாங்க, அத கலந்து போட்டு சுடறவங்களுக்கு எது எங்க இருக்குன்னு தெரியாம குடுங்க. டம்மியில விழும்போது 'டிக்'னு சத்தம் மட்டும் வரும், அந்த நொடியில பேரல் நுனி கீழ குத்துச்சுன்னா அவங்க பயந்து சுடறாங்கன்னு அர்த்தம். .38 பிளஸ் பியில அத்தைக்கு பேரல் நுனி தரைய பாத்துச்சு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நான் பாத்த பரீட்சை இது தான், டார்கெட்ல எங்க ஓட்ட விழுந்துச்சுங்கறத விட இத தான் நம்பினேன்.

அடுத்து .22. ருகர் எல்சிஆர், 2009ல .38ல வந்த அதே டிசைன் தான், .22ல எட்டு தோட்டா பிடிக்கும். அத்தை முகத்துல அப்ப தான் சிரிப்பே வந்துச்சு, எட்டும் பேப்பர் தட்டு அளவு வட்டத்துக்குள்ள, உதைன்னு ஒண்ணு இருக்கான்னே கேட்டாங்க. நல்லா பழகறதுக்கு .22 மாதிரி எதுவும் வராது, தோட்டாவும் மலிவு. ஆனா ராத்திரி கட்டில் பக்கத்துல இருக்கப் போற துப்பாக்கிக்கு எனக்கு ரெண்டு தயக்கம். .22ல வெடிமருந்துப் பொறி தோட்டாவோட விளிம்புக்குள்ள சுத்தி இருக்கும், ரிம்ஃபயர்னு அத தான் சொல்றாங்க, நடுவுல தனியா பிரைமர்ங்கற பொறி வெச்ச தோட்டா அளவுக்கு நம்பகம் கிடையாது. ரிவால்வர்ல ஒண்ணு வெடிக்கலைன்னா திரும்ப ட்ரிகர இழுத்தா அடுத்தது வந்துடும், அது ஒரு ஆறுதல். இன்னொண்ணு, அந்த விளிம்ப நசுக்கி வெடிக்க வைக்க பலமா அடிக்கணும், அதனால ஸ்பிரிங் இறுக்கமா இருக்கும், .22 ரிவால்வர்ல ட்ரிகர் இன்னும் கனமாத் தான் இருக்கும். உதை கம்மின்னு எடுத்தா விரலுக்கு வேலை ஜாஸ்தி, அத்தைக்கு ஆறாவது ஏழாவது குண்டுக்கே விரல் நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. கை ரொம்ப முடியாதவங்களுக்கு .22 தான் தாங்கும்னா .22வே வாங்குங்க, அதுக்காக யாரும் வெட்கப்பட வேணாம். .22 மேக்னமும் இருக்கு, குட்டி பேரல்ல அது உண்டாக்குற நெருப்பும் சத்தமும் அத்தைக்கு ஆகாதுன்னு அத தொடவே இல்ல.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம், .32. இந்தியாவுல லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கிற குடும்பத்துல வளந்தவங்களுக்கு இந்த எண் நல்லாவே தெரியும், அங்க .38ம் 9 எம்எம்மும் சாதாரண ஜனங்களுக்குக் கிடையாதுங்கறதால ரிவால்வர்னாலே .32 தான். 2014ல கான்பூர்ல பெண்களுக்குன்னு சொல்லி விட்ட நிர்பீக் கூட .32 தான், 500 கிராம், டைட்டானியம் கலவை. அமெரிக்காவுலயும் இது புதுசு இல்ல, 1896ல தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க் போலீஸ் கமிஷனரா இருந்தப்ப தன் ஆளுங்களுக்கு எடுத்துக் குடுத்தது .32 கோல்ட் ரிவால்வர் தான். அப்புறம் .38 வந்து எல்லாத்தையும் ஓரங்கட்டிடுச்சு, 1927ல கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் வந்ததும் குட்டி துப்பாக்கின்னாலே .38னு ஆயிடுச்சு. ஆனா .32 சாகல, வம்சமா வளந்துச்சு. அந்தப் பழைய .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்க நீளமாக்கி 1984ல எச் அண்ட் ஆர் மேக்னம், அதையும் நீளமாக்கி 2008 வாக்குல .327 ஃபெடரல் மேக்னம்.

இதுல அழகு என்னன்னா .327 துப்பாக்கியில மூணையும் சுடலாம். .32 எச் அண்ட் ஆர் துப்பாக்கியில அதையும் லாங்கையும் சுடலாம், .327 மட்டும் போடக் கூடாது, நீளமும் ஜாஸ்தி, உள்ள உண்டாகுற அழுத்தம் ரொம்ப ரொம்ப ஜாஸ்தி. ஒரே துப்பாக்கிய வெச்சுக்கிட்டு பூ மாதிரி லேசான தோட்டாவுல ஆரம்பிச்சு கை பழகப் பழக கூட்டிக்கிட்டே போகலாம். அத்தோட .32 ஒல்லிங்கறதால .38ல அஞ்சு பிடிக்கிற அதே சைஸ் சிலிண்டர்ல ஆறு பிடிக்கும்.

ரேஞ்ச்ல .327 எல்சிஆர் ஒண்ணு இருந்துச்சு, 17 அவுன்ஸ், ஆறு குண்டு. பிடி நல்ல மெத்து ரப்பர். அதுல முதல்ல லாங் போட்டுக் குடுத்தேன், அத்தை ஆறையும் நிறுத்தாம சுட்டாங்க, டம்மி கலந்தப்பவும் பேரல் அசையல. அப்புறம் 85 கிரெய்ன் (குண்டோட எடைய சொல்ற அளவு) எச் அண்ட் ஆர் மேக்னம். 'இது கொஞ்சம் தட்டுது, ஆனா அடிக்கல'ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காக தான் நான் அவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டுப் போனேன். நான் ஒரு தடவ .327 முழு பலத்துல சுட்டுப் பாத்தேன், .357க்கு தம்பி மாதிரி கத்துது, அத அத்தை கையில குடுக்கல.

.32 பலமில்லாத தோட்டா ஆச்சேன்னு கேப்பாங்க, இவரே கேட்டாரு. கேள்வி நியாயம் தான். 1986ல மயாமியில எஃப்பிஐ ஆளுங்க மாட்டிக்கிட்ட அந்த துப்பாக்கிச் சண்டைக்கு அப்புறம் அவங்க வெச்ச அளவுகோல், சதைக்குப் பதிலா வெச்சு சுட்டுப் பாக்கிற ஜெல்லுல குறைஞ்சது 12 இஞ்ச் உள்ள போகணும். விரிஞ்சு பெருசாகிற ஹாலோ பாயிண்ட் தோட்டா ரெண்டு இஞ்ச் பேரல்ல வேகம் பத்தாம பல நேரம் விரியறதே இல்ல, அது .38லயும் நடக்குற விஷயம் தான். அதனால குட்டி பேரல்ல விரியும்னு நம்பறத விட போதுமான ஆழம் போகுமா, நினைச்ச இடத்துல அடிக்க முடியுமான்னு பாக்கிறது தான் புத்திசாலித்தனம். பயந்து கண்ண மூடிக்கிட்டு சுட்ட .38 செவுத்துல போய் உக்காரும், நிதானமா சுட்ட .32 போக வேண்டிய இடத்துக்குப் போகும்னு நான் முழுசா நம்பறேன்.

ஏற்கனவே .38 வாங்கி வெச்சிருக்கீங்களா, அத விக்க வேணாம். 148 கிரெய்ன் வாட்கட்டர்னு ஒரு தோட்டா இருக்கு, மூஞ்சி தட்டையா வெட்டின மாதிரி இருக்கும், டார்கெட் சுடறவங்களுக்காக செஞ்சது, உதை நல்லாவே குறையும், தட்டை முனைங்கறதால விரியத் தேவையில்லாம நேரா உள்ள போகும். ஒரே சிக்கல், மூஞ்சி தட்டையா இருக்கிறதால அவசரத்துல சிலிண்டர் ஓட்டைக்குள்ள வழுக்கிட்டுப் போகாது, விளிம்புல முட்டும். அதுக்கு பழைய ஆளுங்க பண்றது, துப்பாக்கிக்குள்ள வாட்கட்டர், திரும்ப லோட் பண்றதுக்கு பக்கத்துல வெச்சிருக்கிறது கூர்மையான மூக்கு தோட்டா. ஹார்னடி கம்பெனியில 90 கிரெய்ன்ல லைட்னு ஒண்ணும் வருது, பிங்க் கலர் முனை, அதுவும் கைக்கு இதமா இருக்கும்.

கடைசியா எடுத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 432 அல்டிமேட் கேரி, 2024ல லிப்ஸீஸ்ங்கற துப்பாக்கி மொத்த வியாபாரி கூட சேந்து விட்டது, .32 எச் அண்ட் ஆர், ஆறு குண்டு, ஒரு பவுண்டு பக்கம். எல்சிஆரும் நல்லாத் தான் இருந்துச்சு, வித்தியாசம் பிடியில தான். இதுல பிடி மேல வரைக்கும் ஏறுது ஆனா தடிமனா இல்ல, அத்தை விரலோட முதல் மடிப்பு ட்ரிகர் மேல சரியா உக்காந்துச்சு. குறி பாக்கிற முன்னாடி சைட்ல இருட்டுல மின்னுற புள்ளி வேற. பழைய ஜே ஃப்ரேம்ல சைட்ங்கறது வெறும் ஒரு பள்ளம், கண்ணாடி போட்ட கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

வீட்டுல காலி துப்பாக்கியில ஸ்னாப் கேப் போட்டு செவுத்துல ஒரு புள்ளி ஒட்டி தினம் கொஞ்ச நேரம் ட்ரிகர் இழுக்கச் சொல்லியிருக்கேன், தோட்டா எல்லாம் வேற ரூம்ல. விரல் தசைக்கும் இது தான் எக்சர்சைஸ். பேரப் பிள்ளைங்க வந்து போற வீடுங்கறதால கைரேகையும் பட்டனும் ரெண்டுலயும் திறக்கிற சின்ன பெட்டி கட்டிலோட சேத்து பூட்டியிருக்கு. டெக்சாஸ்ல லோட் பண்ண துப்பாக்கிய அலட்சியமா வெச்சு அது 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கைக்குப் போயிட்டா அதுவே குற்றம். சட்டம் இல்லைன்னாலும் பெட்டி இல்லாம நான் வாங்கிக் குடுத்திருக்க மாட்டேன்.

நிறைய பேர் மெசேஜ்ல கேக்கிற ஒண்ணு, எச் 1பில இருக்கோம், வாங்கலாமான்னு. அந்த மாதிரி விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வெச்சுக்க ஃபெடரல் சட்டமே தடை போடுது, செல்லுபடியாகிற ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு, ஆனா ஒரு வக்கீல கேக்காம கடைப் பக்கம் போகாதீங்க, இதுல மாட்டினா இமிக்ரேஷனே போயிடும். கிரீன் கார்டு இருந்தா 4473 ஃபார்ம் நிரப்பி பேக்ரவுண்ட் செக் முடிஞ்சா வாங்கலாம், கடையில கைத்துப்பாக்கி வாங்க 21 வயசு ஆகணும்.

.32ல ஒரே குறை தோட்டா கிடைக்கிறது தான். பெரிய கடைகள்ல .38 அலமாரி நிறைய இருக்கும், .32 எச் அண்ட் ஆர் ஒரு மூலையில ரெண்டு பெட்டி இருந்தா அதிர்ஷ்டம், விலையும் கூட. கண்ணுல படும்போதே வாங்கி வெச்சுடுங்க. பழகறதுக்கு லாங், ராத்திரிக்கு எச் அண்ட் ஆர்னு வெச்சிருக்கிறவங்க ஒண்ண கவனிங்க, குட்டையான லாங் நிறைய சுட்டா சிலிண்டர் ஓட்டைக்குள்ள அது முடியற இடத்துல கரியும் ஈயமும் ஒரு வளையமா படியும், அதுக்கு மேல நீளமான தோட்டாவ போட்டா முழுசா உள்ள போகாம நிக்கும். ரேஞ்ச்லேருந்து வந்த அன்னிக்கே ஆறு ஓட்டையையும் பிரஷ் போட்டுத் தேச்சுட்டு, ராத்திரிக்குப் போடற தோட்டா ஒவ்வொண்ணும் தானா வழுக்கி அடி வரைக்கும் விழுதான்னு பாத்துட்டு மூடுங்க.